அனுப்பும்போது நல்லாத்தான் இருந்தது: தொழில்நுட்ப மெயில் கெடும் இடங்கள்

கோவை கணபதியில் எனக்குத் தெரிந்த ஒரு பட்டறையில் பழைய மில்லிங் மிஷின் ஒன்று கிடந்தது. இரும்பு நல்ல இரும்பு. கண்ட்ரோலர்தான் செத்துப்போனது. புது கண்ட்ரோலருக்கு விலை கேட்டுவிட்டு ஓனர் அண்ணன் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தார். அப்புறம் லினக்ஸ்சிஎன்சி போட்டுப் பார்க்கலாம் என்று முடிவானது. காசில்லாமல் கிடைக்கும் திறமூல மென்பொருள். ஒரு கம்ப்யூட்டரும் ஒரு கார்டும் இருந்தால் மிஷினை ஓட்டிவிடலாம். அந்தச் சுற்று வட்டாரப் பட்டறைகளின் கம்ப்யூட்டரையும் மெயிலையும் பார்த்துக்கொள்பவன் நான் என்பதால் வேலை என் தலையில் விழுந்தது. ஓர் இடத்தில் சிக்கிக்கொண்டதும், அந்த மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்களின் மடற்குழுவுக்கு (ஒரே முகவரிக்கு எழுதினால் உறுப்பினர் எல்லோருக்கும் போகும் மெயில் குழு) கேள்வி எழுதி, கான்ஃபிகரேஷன் ஃபைலை அப்படியே கீழே ஒட்டி அனுப்பினேன்.

மூன்று நாள் சத்தமே இல்லை. நாலாம் நாள் ஒரே ஒரு பதில். ஒட்டியதைப் படிக்க முடியவில்லை, ஃபைலாக இணைத்து அனுப்பவும் என்று.

“ஏனுங்ணா, நம்ம பக்கம் நல்லாத்தான இருக்குது?” என்றான் பட்டறைத் தம்பி. நல்லாத்தான் இருந்தது. மெயிலில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இப்படித்தான். அனுப்பியவர் திரையில் ஒன்று, போய் விழுந்த இடத்தில் வேறொன்று. அதற்குப் பிறகு திருப்பூர், பெருந்துறை, கரூர் என்று நான் பார்த்த மெயில் பஞ்சாயத்துகளை அறிகுறி வாரியாக எழுதி வைத்திருக்கிறேன். உங்களுக்கு எது நடக்கிறதோ அந்த இடத்துக்கு நேரே போய்விடலாம். ஆனால் அடுத்த பத்தியை மட்டும் தாண்ட வேண்டாம்.

எதற்கும் முன்னால்: தோலை உரித்துப் பாருங்கள்

அனுப்பிய மெயிலை, வேறு நிறுவனத்தின் மெயில் வைத்திருக்கும் ஒருவருக்கும் ஒரு காப்பி அனுப்புங்கள். வந்ததை அங்கே மூல வடிவில் திறக்க வேண்டும். ஜிமெயிலில் அந்த மெயிலின் மூன்று புள்ளியைத் தொட்டால் ‘ஷோ ஒரிஜினல்’ என்று இருக்கும். தண்டர்பேர்டில் கண்ட்ரோலும் யு-வும். பார்க்க பயமாக இருக்கும், பரவாயில்லை. நமக்கு வேண்டியது மூன்றே வரி. ‘கன்டென்ட்-டைப்’ என்ற வரி, மெயில் வெறும் எழுத்தா, கலரும் தடித்த எழுத்தும் தாங்கும் எச்டிஎம்எல்லா, எழுத்தை பைட்டாக எழுதிய முறை (குறியாக்கம்) எது என்று சொல்லும். ‘கன்டென்ட்-டிரான்ஸ்ஃபர்-என்கோடிங்’ என்பது வழியில் எப்படிப் பொட்டலம் கட்டப்பட்டது என்று சொல்லும். ‘இன்-ரிப்ளை-டு’ இது எந்த மெயிலுக்குப் பதில் என்று சொல்லும். மெக்கானிக் முதலில் பானட்டைத் திறப்பதுபோல நான் இதைத்தான் முதலில் திறக்கிறேன்.

“ஒட்டி அனுப்புன புரோகிராம் அந்தப் பக்கம் ஓடலீங்க”

எங்களுக்கு நடந்தது இதுதான். இதில் மூன்று விதமான சேதம் உண்டு. மூன்றும் ஒரே மெயிலில் நடக்கலாம்.

முதலாவது, வரி உடைவது. மெயிலின் வடிவத்தைச் சொல்லும் இணைய விதி ஆவணமான ஆர்.எஃப்.சி. 5322 (2008) ஒரு வரி 998 எழுத்தைத் தாண்டவே கூடாது, 78-க்குள் நின்றால் நல்லது என்கிறது. அதனால் பல மெயில் மென்பொருள்கள் 72, 76, 78 என்று ஏதோ ஓர் இடத்தில் வரியை வெட்டி அடுத்த வரிக்குத் தள்ளிவிடும். கடிதம் என்றால் நஷ்டமில்லை. புரோகிராம் என்றால் கதை வேறு. லினக்ஸ்சிஎன்சியின் எச்ஏஎல் என்ற கான்ஃபிகரேஷன் ஃபைலில் ஒரு வரி ஒரு கட்டளை. சதுரக் கட்டம் போன்ற ஹாஷ் குறி போட்டுத் தொடங்கினால் அந்த வரி குறிப்பு, மிஷின் அதைக் கண்டுகொள்ளாது. நாங்கள் தாராளமாக நீள நீளமாகக் குறிப்பு எழுதியிருந்தோம். மெயில் அவற்றை நடுவில் வெட்டியதும் பின்பாதிக்கு ஹாஷ் இல்லை. ஆக, ‘இந்த மோட்டார் பழையது, மெதுவாக ஓட்டவும்’ என்பதன் வால் பகுதியைக் கட்டளை என்று நினைத்து மென்பொருள் முழித்தது. டூல் எங்கே போக வேண்டும் என்று மிஷினுக்குச் சொல்லும் ஜி-கோடிலும் இதே கதைதான். அடைப்புக்குறிக்குள் எழுதிய குறிப்பு இரண்டு வரியாக உடைந்தால், மூடாத குறிப்பு என்று பிழை வரும்.

இரண்டாவது சேதம் கண்ணுக்கே தெரியாது. ஆபத்தும் இதில்தான் அதிகம். எக்ஸ்-12.5 (எக்ஸ் அச்சில் மைனஸ் 12.5) என்று அடித்ததை வேர்டில் ஒட்டி, அங்கிருந்து மெயிலுக்கு எடுத்தால், சாதாரண மைனஸ் கொஞ்சம் நீளமான கோடாக மாறியிருக்க வாய்ப்பு உண்டு. கைபேசியிலும் இரண்டு மைனஸை அடுத்தடுத்து அடித்தால் ஒரே நீளக் கோடாக்கிவிடும் வசதி இருக்கிறது. நேரான மேற்கோள்குறி வளைந்துகொள்ளும். மனிதனுக்கு எல்லாம் ஒன்றுதான். மிஷினுக்கு அந்த நீளக் கோடு மைனஸே இல்லை. தெரியாத எழுத்து என்று நின்றுவிட்டால் நம் அதிர்ஷ்டம். எங்கள் பட்டறைத் தம்பி என்ன செய்தான் தெரியுமா? கெட்ட எழுத்து என்று எடிட்டர் சிவப்புக் காட்டிய கோட்டை அழித்துவிட்டான். எக்ஸ்-12.5 இப்போது எக்ஸ்12.5. டூல் 25 மில்லிமீட்டர் தள்ளி, இரும்பைப் பிடித்திருக்கும் கிளாம்ப் இருக்கிற பக்கம் போக வேண்டியது. ஸ்டார்ட் அமுக்குமுன் திரையில் வழித்தடத்தைப் பார்த்த ஓனர் அண்ணன், “கண்ணு, இது எங்க போகுது?” என்று கேட்டதால் ஒரு கட்டரும் ஒரு கிளாம்பும் பிழைத்தன.

இதைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி: வந்ததை நோட்பேடில் ஒட்டி, தேடும் பெட்டியில் கீபோர்டிலிருந்து ஒரு மைனஸ் அடித்துத் தேடுங்கள். தேடல் எந்தக் கோட்டிலெல்லாம் நிற்காமல் தாண்டிப் போகிறதோ அதெல்லாம் கள்ளக் கோடு.

மூன்றாவது, டேப். ஜிமெயிலை உலாவியில் பயன்படுத்தினால் டேப்களை இடைவெளிகளாக மாற்றிவிடும், 78 எழுத்தில் வரியையும் மடக்கும். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் ஆவணங்களில் மெயில் மென்பொருள்களுக்கென்றே இருக்கும் பக்கத்தில் இதை எழுதியே வைத்திருக்கிறார்கள். ஜி-கோடுக்கு டேப் போனால் கவலையில்லை. மென்பொருள் திருத்தம் அனுப்புகிறவருக்கு ஓர் இடைவெளி மாறினாலும் திருத்தம் பொருந்தாது.

சரி, என்ன செய்வது? பத்து வரிக்கு மேல் போகும் எதையும் மெயிலுக்குள் ஒட்டாதீர்கள், ஃபைலாக இணையுங்கள். வேர்டு ஃபைலாக அல்ல, வெறும் எழுத்து ஃபைலாக. ஒரு எழுத்தும் மாறக் கூடாது என்றால் ஜிப் செய்து இணைப்பது இன்னும் பத்திரம். பத்து வரிக்குள் என்றால் ஜிமெயிலில் எழுதும் பெட்டியின் மூன்று புள்ளிப் பட்டியலில் ‘பிளெயின் டெக்ஸ்ட் மோட்’ போட்டு, கண்ட்ரோல், ஷிஃப்ட், வி மூன்றையும் சேர்த்து அமுக்கி ஒட்டுங்கள். இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. லினக்ஸ் கெர்னல் போன்ற குழுக்களில் திருத்தத்தை இணைப்பாக அனுப்பினால் ஏற்கத் தயங்குவார்கள், மெயிலின் உடம்பிலேயே இருக்க வேண்டும். வரிக்கு வரி மேற்கோள் காட்டிக் கருத்துச் சொல்ல அதுதான் வசதி. அங்கே உலாவியை மறந்துவிட்டு திருத்தத்தை நேரே மெயிலாக அனுப்பும் ‘கிட் சென்ட்-ஈமெயில்’ கட்டளையைப் பழகிக்கொள்வதே வழி. பீளமேட்டுக் கல்லூரிப் பிள்ளைகள் என்னிடம் இதைக் கேட்டு வந்தால் முதல் நாள் அதை மட்டும்தான் சொல்லிக்கொடுப்பேன்.

“தமிழெல்லாம் பூச்சி பூச்சியா வருதுங்க”

பூச்சி நாலு வகை. எந்த வகை என்று தெரிந்தால் மருந்து தானாக வரும்.

தலையில் சாய்ந்த கோடு போட்ட ஐரோப்பிய எழுத்து ஒன்று, பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர் போட்ட டிரேட்மார்க் சின்னம் ஒன்று, இந்த ஜோடி திரும்பத் திரும்ப வந்தால் சந்தோஷப்படுங்கள். எதுவும் தொலையவில்லை. யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். ‘கோ’ என்பதில் க ஒன்று, ஓகாரக் குறி ஒன்று, ஆக ஆறு பைட். எல்லாத் தமிழ்க் குறிக்கும் முதல் பைட் ஒன்றேதான். இரண்டாவது பைட்டும் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். மேற்கத்திய எழுத்து என்று தப்பாகப் படிக்கும் மென்பொருளுக்கு அவைதான் அந்தக் கோடு போட்ட எழுத்தும் வட்டமும். அதனால்தான் ஒரே ஜோடி சலிக்காமல் வருகிறது. மூல வடிவில் கன்டென்ட்-டைப் வரியைப் பாருங்கள். யுடிஎஃப்-8 என்று இல்லாவிட்டால் தவறு அனுப்பியவர் பக்கம். இருந்தால் வாங்கியவர் மென்பொருளில் குறியாக்கத்தை யுடிஎஃப்-8-க்கு மாற்றினால் தமிழ் எழுந்து நிற்கும்.

வெறும் கேள்விக்குறிகள் வரிசையாக நின்றால் போனது போனதுதான். வழியில் ஏதோ ஒரு மென்பொருள் தனக்குத் தெரியாத எழுத்தை எல்லாம் கேள்விக்குறியாக மாற்றி மூலத்தை எறிந்துவிட்டது. திரும்ப அனுப்பச் சொல்வதைத் தவிர வேறு வழியில்லை.

வெற்றுக் கட்டங்கள் வந்தால் ஃபான்ட் இல்லை, அவ்வளவுதான்.

நாலாவது வகை நம் ஊர் ஸ்பெஷல். ஆங்கில எழுத்தும் குறிகளும் அர்த்தமில்லாமல் கலந்து வரும். ஆனால் அனுப்பியவர் “என் சிஸ்டத்துல தமிழாத்தான் தெரியுது” என்று சத்தியம் செய்வார். பழைய பாமினி, வானவில் வகை எழுத்துருவில் அடித்திருப்பார். அது தமிழ் உடுப்பு மாட்டிய ஆங்கில எழுத்து. அந்த ஃபான்ட் இல்லாத இடத்தில் உடுப்பு கழன்றுவிடும். எழுத்துருவை நிறுவச் சொல்லி வாங்குபவரைத் துன்புறுத்தாமல், யூனிகோடுக்கு மாற்றி அனுப்புங்கள். மாற்றிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பிரிண்டிங் பிரஸ்காரர்கள் இன்னும் பலர் பழைய எழுத்துருவில்தான் இருக்கிறார்கள் என்பதால், லேபிள், ஸ்டிக்கர் வேலை மெயில்களில் இதை வாராவாரம் பார்க்கிறேன்.

“அனுப்பிட்டனுங்க, ஆனா குழுவுல வரவே இல்ல”

கெர்னல் குழுக்களின் சர்வர் எச்டிஎம்எல் மெயிலை ஏற்காது. தடித்த எழுத்து, கலர், கம்பெனி லோகோ என்று ஏதாவது ஒட்டியிருந்தால் அதுதான் காரணம். இன்னொன்று அளவு. பல குழுக்களை நடத்தும் மெயில்மேன் என்ற மென்பொருளின் பழைய பதிப்புகளில், ஒரு மெயிலுக்கு நிர்வாகி எதுவும் மாற்றாவிட்டால் 40 கிலோபைட்தான் அளவு. கைபேசியில் எடுத்த ஒரு கண்ட்ரோல் பேனல் போட்டோவே மூன்று மெகாபைட் வரும். அது நிர்வாகியின் ஒப்புதலுக்காக வரிசையில் நிற்கும், அவர் விடுமுறையில் இருந்தால் நின்றுகொண்டே இருக்கும். உறுப்பினராகச் சேர்ந்த முகவரி ஒன்று, அனுப்பிய முகவரி வேறு என்றாலும் இதே வரிசைதான்.

போட்டோவைப் பற்றி ஒரு வார்த்தை. திரையில் வந்த பிழைச் செய்தியைப் போட்டோ எடுத்து அனுப்புவது வாட்ஸ்அப் பழக்கம். அதில் இருக்கும் எழுத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதும் எடுத்து ஒட்டுவதும் சுலபமில்லை. அலாரம் எண்ணையும் செய்தியையும் அடித்து அனுப்புங்கள். கருகிய கேபிளை, உடைந்த பல்லைக் காட்ட வேண்டுமா, அங்கே போட்டோதான் சரி.

“சிவப்புல இருக்கறதுதான் என்னோட பதிலுங்க”

திருப்பூரில் பத்து வருடம் துணி ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சன்டைசராக இருந்தவர்களுக்கு இது ரத்தத்தில் ஊறியது. துணி வாங்கும் பையர் பதினைந்து கேள்வி அனுப்புவார். அதே மெயிலில் ஒவ்வொரு கேள்விக்கும் கீழே சிவப்பில் பதில். அடுத்து டையிங் யூனிட்காரர் நீலத்தில். லேப் ஆள் பச்சையில். பையர் திரும்ப வந்து ஊதாவில். நாலு சுற்று போனதும் மெயில் ஹோலிப் பண்டிகை மாதிரி ஆகிவிடும். இருந்தாலும் அவர்கள் சரியாகப் படித்துவிடுவார்கள், அதில் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை.

கலர் உயிரோடு இருக்கும்வரைதான் இந்த ஏற்பாடு. ஓர் அலுவலகத்தில் மெயில்களை எல்லாம் வெறும் எழுத்தாகச் சேமிக்கும்படி யாரோ அமைத்திருந்தார்கள். ஆறு மாதம் கழித்து ஒரு தகராறு. துணியின் எடை 180 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 180 கிராம்) போதும் என்று சொன்னது பையரா, நம் ஆளா? மெயிலைத் திறந்தால் எல்லாம் கறுப்பு. ‘180 போதுமா’ என்று ஒரு வரி, ‘180 போதும்’ என்று ஒரு வரி, ‘ஷ்ரிங்கேஜ் (துணி சுருங்கும் அளவு) பார்த்தபின்’ என்று ஒரு வரி. யார் சொன்னது எது என்று சொல்லக் கலர் இல்லை. அந்த அலுவலகத்து மெர்ச்சன்டைசர் அம்மணி பிரிண்ட் எடுத்து வைத்திருந்தார். பிரிண்டும் கறுப்பு வெள்ளை.

மருந்து எளிது. கலர் வேண்டுமானால் போட்டுக்கொள்ளுங்கள், கூடவே ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் ஆளின் பெயர்ச் சுருக்கத்தையும் தேதியையும் போடுங்கள். எழுத்து மட்டும் மிஞ்சினாலும் ஆள் தெரியும். தொழில்நுட்பக் குழுக்களில் வழக்கம் வேறு: பிறர் எழுதிய வரிக்கு முன்னால் அம்பு முனைபோல் ஒரு குறி வரும், அதன் கீழே உங்கள் பதில். இருமுறை மேற்கோளானால் இரண்டு அம்பு. கலரே வேண்டாம். 1995-இல் வந்த ஆர்.எஃப்.சி. 1855 என்ற இணைய நடத்தைக் குறிப்பே, பதில் எழுதும்போது பொருள் விளங்கும் அளவுக்கு மட்டும் பழையதை வைத்துக்கொள்ளச் சொல்கிறது. ஆக, வெட்டுங்கள். நன்றி என்ற ஒரு சொல்லுக்குக் கீழே நானூறு வரி பழைய மெயில் தொங்க வேண்டியதில்லை.

மேலே பதில் எழுதுவதா, கீழே எழுதுவதா என்று குழுக்களில் சண்டை நடக்கும். என் கணக்கு இது. வியாபார மெயிலில் மேலே எழுதுங்கள், ஊர் வழக்கம் அது, கீழே எழுதினால் பதிலே வரவில்லை என்று ஃபோன் செய்வார்கள். தொழில்நுட்பக் குழுவில் கேள்விக்குக் கீழே எழுதுங்கள். மாமியார் வீட்டில் மாமியார் வீட்டுச் சாப்பாடு.

“நான் புதுசாக் கேட்டேன், அது பழைய பேச்சுக்குள்ள போயிருச்சு”

முகவரி தேடச் சோம்பல்பட்டு, பழைய மெயில் ஒன்றைத் திறந்து ரிப்ளை தட்டி, தலைப்பை மட்டும் மாற்றி எழுதியிருப்பீர்கள். தலைப்பு மாறினாலும் உள்ளே இன்-ரிப்ளை-டு வரி பழைய மெயிலின் எண்ணைச் சுமந்துகொண்டுதான் போகிறது. தண்டர்பேர்ட் வைத்திருப்பவரும் குழுவின் காப்பகமும் அந்த எண்ணைப் பார்த்து, உங்கள் ஸ்பிண்டில் கேள்வியைப் போன மாத கூலன்ட் பேச்சுக்கு அடியில் தொங்கவிடுவார்கள். ஜிமெயிலோ தலைப்பு மாறியதும் தனியாகப் பிரித்துக் காட்டிவிடும். அதனால் அனுப்பிய உங்களுக்கு மட்டும் தப்பே தெரியாது. புது விஷயத்துக்குப் புது மெயில். சோம்பல் என்றால் முகவரியைச் சேமித்து வையுங்கள்.

“அட்டாச்மென்ட் திறக்கல, போகல”

வின்மெயில்.டாட் என்று ஒரு ஃபைல் வந்தால், அனுப்பியவரின் அவுட்லுக் ‘ரிச் டெக்ஸ்ட்’ முறையில் இருக்கிறது. அதை எச்டிஎம்எல்லுக்கோ வெறும் எழுத்துக்கோ மாற்றி மீண்டும் அனுப்பச் சொல்லுங்கள்.

அளவு அதிகம் என்று திரும்பி வந்தால் ஒரு கணக்கு தெரிந்திருக்க வேண்டும். இணைப்புகள் பேஸ்64 என்ற முறையில் எழுத்தாக மாற்றப்பட்டுத்தான் பயணிக்கும். மூன்று பைட் நாலாகும். 15 மெகாபைட் டிராயிங் வழியில் 20 மெகாபைட்டுக்கு மேல். அந்தப் பக்கம் வரம்பு 20 என்றால் கதவைச் சாத்திவிடும். ஜிமெயிலில் 25 மெகாபைட்டைத் தாண்டினால் இணைப்பு கூகுள் டிரைவ் லிங்க்காக மாறும். போய்ச் சேர்ந்துவிடும், ஆனால் நாலு வருடம் கழித்து யாராவது டிரைவைச் சுத்தம் செய்திருந்தால் மெயிலில் லிங்க் மட்டும் இருக்கும், டிராயிங் இருக்காது.

கையெழுத்து

மடற்குழுவுக்கு எழுதும்போது கையெழுத்து நாலு வரிக்குள் இருக்கட்டும். அதற்கு மேல் இரண்டு மைனஸும் ஓர் இடைவெளியும் மட்டும் உள்ள ஒரு வரி போட்டால், பல மென்பொருள்கள் கீழே இருப்பது கையெழுத்து என்று புரிந்துகொண்டு பதிலில் தானே வெட்டிவிடும். அந்த இடைவெளி முக்கியம், அது இல்லாவிட்டால் புரியாது. ‘இந்த மெயில் ரகசியமானது, உங்களுக்கானது இல்லையென்றால் அழித்துவிடவும்’ என்ற கம்பெனி எச்சரிக்கையை ஊருக்கே போகும் மெயிலில் சேர்ப்பதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

“பழைய மெயில் கூகுள்ல வருதுங்க, எடுத்துடுங்க”

எடுக்க முடியாது. எடுக்க முடிந்தாலும் எடுத்ததாக ஆகாது. பொதுக் குழுவுக்கு அனுப்பிய மெயில், அனுப்பிய நிமிடமே உறுப்பினர் அத்தனை பேர் பெட்டியிலும் விழுந்துவிட்டது. குழுவின் காப்பகம் ஒன்று இருக்கும், அதைப் பிரதி எடுத்து வைத்திருக்கும் வேறு தளங்கள் இருக்கும். கெர்னல் மெயில்களின் காப்பகத்தை யார் வேண்டுமானாலும் முழுதாக இறக்கி வைத்துக்கொள்ளும்படியே அமைத்திருக்கிறார்கள். பழைய மெயில்மேன் காப்பகங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. நடுவில் ஒரு மெயிலை உருவிவிட்டுக் காப்பகத்தைத் திரும்பக் கட்டினால் பின்னால் இருப்பவற்றின் எண்கள் மாறும், மற்றவர்கள் எங்கெங்கோ கொடுத்திருக்கும் லிங்க்குகள் தப்பான மெயிலுக்குப் போகும். நிர்வாகிகள் மறுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கெஞ்சுவதால் பயனில்லை.

கன்டென்ட்-டைப் போல மூல வடிவின் மேலே வரும் தலைவரிகளில் ‘எக்ஸ்-நோ-ஆர்க்கைவ்’ என்று ஒன்றைச் சேர்த்தால் மெயில்மேன் அந்த மெயிலைக் காப்பகத்தில் போடாது. ஆனால் யாராவது உங்கள் வரிகளை மேற்கோள் காட்டிப் பதில் எழுதினால் அந்தப் பதில் காப்பகத்துக்குப் போகும், உங்கள் வரிகளைச் சுமந்துகொண்டு.

அதனால் வேலை எல்லாம் அனுப்புவதற்கு முன்தான். குழுக்களுக்கென்று தனி முகவரி வையுங்கள். ஜாப் ஆர்டர் பட்டறைக்காரர்கள் இன்னும் ஒன்று செய்ய வேண்டும்: புரோகிராமின் தலைப்பில் பார்ட்டியின் பெயரும் பார்ட் எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்கும், நாம் பழக்கத்தில் எழுதுவோம். ரகசியம் காப்போம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, யாருக்கு என்ன பார்ட் ஓட்டுகிறோம் என்று உலகத்துக்குச் சொல்வது ஆகிவிடும். லாக் ஃபைல்களில் கம்ப்யூட்டரின் பயனர் பெயர், ஃபோல்டர் பெயர், சில நேரம் பாஸ்வேர்டுகூட இருக்கும். பாஸ்வேர்டு போய்விட்டது என்று தெரிந்தால் மெயிலைத் துரத்தாதீர்கள். பாஸ்வேர்டை மாற்றுங்கள், அஞ்சு நிமிட வேலை.

“அந்தப் பையன் வேலையை விட்டுட்டான், மெயிலும் போயிருச்சு”

ஒரு பக்கம் அழிக்க முடியாத மெயில், இன்னொரு பக்கம் தேடினால் கிடைக்காத மெயில். நான் பார்க்கும் சின்ன ஆபீஸ்களில் இரண்டாவதுதான் அதிகம். காரணம் இரண்டு.

பி.ஓ.பி. முறையில் அமைத்த மெயில் பெட்டி, மெயிலை சர்வரிலிருந்து இறக்கி அந்த ஒரு கம்ப்யூட்டரில் வைத்துவிடும். சர்வரில் பிரதி வை என்ற டிக் இல்லாவிட்டால் அங்கே ஒன்றும் மிஞ்சாது. ஹார்ட் டிஸ்க் போன அன்றைக்குத்தான் இது தெரியவரும். ஐமேப் என்ற இன்னொரு முறைக்கு மாற்றினால் சர்வரிலேயே இருக்கும். மாற்றுவதற்கு முன் இருக்கிற மெயில்களை ஏற்றுமதி செய்துகொள்ளுங்கள், அவசரப்பட்டுப் பழைய கணக்கை நீக்கிவிட்டு என்னைக் கூப்பிடாதீர்கள்.

இன்னொன்று, கம்பெனி வியாபாரம் பையனின் சொந்த ஜிமெயிலில் நடப்பது. அவன் போனால் மெயிலும் அவனோடு போகும். ‘சேல்ஸ்’, ‘டிசைன்’ என்று வேலையின் பெயரில் முகவரி வையுங்கள், ஆளின் பெயரில் வேண்டாம்.

எத்தனை நாள் வைப்பது? ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-ஆம் பிரிவுப்படி கணக்குப் பதிவுகளை, அந்த வருடத்தின் ஆண்டு ரிட்டர்ன் கெடுத் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். பிரைவேட் லிமிடெட் என்றால் 2013 கம்பெனிச் சட்டம் கணக்குப் புத்தகங்களுக்கு எட்டு நிதியாண்டு கேட்கிறது. பில்லோடு சம்பந்தப்பட்ட பர்ச்சேஸ் ஆர்டர் (பி.ஓ.), விலை ஒப்புதல், டெலிவரி மெயில்களையும் அதே எட்டு வருடம் வைத்துவிடுவது என் வழக்கம். இடம் மலிவு. கேன்டீன் மெனு, பிறந்தநாள் வாழ்த்து எல்லாம் வேண்டாம்.

எப்படி வைப்பது என்பதும் கேள்விதான். தகராறு என்று கோர்ட்டுக்குப் போனால் ஸ்கிரீன்ஷாட்டும் பிரிண்டும் மட்டும் போதாது. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணுப் பதிவோடு சான்றிதழும் கேட்கிறது. முன்பு சாட்சியச் சட்டத்தில் 65பி என்று வக்கீல்கள் சொல்லிக்கொண்டிருந்ததன் வாரிசு இது. தோலை உரித்துப் பார்த்தோமே, அந்தத் தலைவரிகள் எல்லாம் சேர்ந்த மூல மெயில் கையில் இருந்தால் வக்கீலுக்கும் வேலை சுலபம். முக்கியமான மெயில்களை இ.எம்.எல். ஃபைலாகச் சேமியுங்கள், இணைப்பும் உள்ளேயே இருக்கும். தலைப்பில் பி.ஓ. எண்ணும் பார்ட் எண்ணும் இருக்க வேண்டும். ‘அர்ஜென்ட்’, ‘ரீ: ரீ: டிராயிங்’ என்ற தலைப்புகளில் எட்டு வருடத்தைத் தேடிப் பாருங்கள், என் கஷ்டம் புரியும்.

மாதம் ஒரு சனிக்கிழமை, சம்பளம் போட்டு முடித்த பிறகு, மூன்று வருடத்துக்கு முந்தைய ஏதாவது ஒரு பி.ஓ. எண்ணை பேக்கப்பில் தேடி, அந்த மெயிலின் டிராயிங்கைத் திறந்து பாருங்கள். திறந்தால் டீ குடிக்கப் போகலாம். திறக்கவில்லை என்றால் கடையைச் சாத்துவதற்கு முன் கூப்பிடுங்கள், எட்டு மணிவரை கணபதியில்தான் இருப்பேன்.